முந்நூறு லீற்றர்

மணியை அழுத்த விரலைக் கொண்டுபோகும்போதே நகுலேஸ்வரி கதவைத் திறந்துவிட்டார்.

"மூண்டு தரம் எழுதிப் போட்ட பிறகுதான் ஒரு ஆளை அனுப்பியிருக்கிறாங்கள். வாரும், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும். தமிழ்ப் பொடியன் வருவான் எண்டு நான் நினைக்கேல்லை."

"பொடியனோ அக்கா? எனக்கு நாப்பத்தாறு."

"எனக்கு அம்பத்தெட்டு. அப்ப நீர் பொடியன்தான்."

சயந்தன் பை முழுக்கச் சாவிகளும் குறடுகளுமாக உள்ளே போனான். லண்டன் கிங்ஸ்பரியில் இப்படியான வீடுகள் அவனுக்கு அத்துப்படி. கீழே ஒரு பிளாட், மேலே ஒரு பிளாட், பின்னால் கீழ்வீட்டுக்கு மட்டும் ஒரு துண்டு நிலம். முன்னறையின் மூலையில் சாமித்தட்டு. அதற்கு நேர் மேலே சீலிங்கில் சுளகு அளவில் ஒரு மஞ்சள் கறை. தட்டில் ஒரு சருவச்சட்டி வைத்திருந்தார்.

"பாரும். பிள்ளையாருக்கு இந்த மாசத்திலை மூண்டு அபிஷேகம் நடந்திட்டுது. ஐயருமில்லை, மேளமுமில்லை."

"மேலை ஆர் இருக்கினம்?"

"பலஸ்தீன ஆக்கள். மனிசனும் மனிசியும். வந்து ரெண்டு மாசம். அந்தப் பிள்ளை நல்லது, கண்டால் சிரிக்கும். மனிசன்தான் ஒரு மாதிரி. விடியக்காலமை வேலையாலை வந்த கையோடை தண்ணியைத் திறந்தால் ஒரு மணித்தியாலம் ஓடும். ரெண்டு பேருக்கு ஏன் அவ்வளவு தண்ணி? யானையோ வளக்கினம்?"

சயந்தன் கறையைத் தொட்டுப் பார்த்தான். பலகை ஊறிப் பணியாரமாய் இருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டால் பிள்ளையாரோடு சேர்த்து எல்லாம் கீழே வரும்.

அவன் வேலை செய்வது, வீடில்லாதவர்களை இருத்துகிற தற்காலிக வீடுகளைப் பராமரிக்கிற ஒரு கொம்பனிக்கு. காலையிலேயே மனேஜர் போன் எடுத்துச் சொல்லியிருந்தான். வீட்டில் பிழையா, ஆட்களில் பிழையா என்று பார். ஆட்களில் பிழை என்றால் போர்மின் கடைசிப் பெட்டியில் சரி போடு. நாலு மணிக்கு முன்னம் படமும் போர்மும் வரவேண்டும். அந்தப் பெட்டியில் ஒரு சரி விழுந்தால் என்ன நடக்கும் என்று சயந்தனுக்குத் தெரியும். மேல்வீட்டாருக்குப் பெட்டி படுக்கையோடு எங்கேயாவது ஒரு ஹோட்டல் அறை. லண்டனுக்குள் என்றும் இல்லை.

பதினாலு வருடத்தில் அவன் ஒரு போர்மிலும் பொய் எழுதியதில்லை. பெரிய உத்தமன் என்பதால் அல்ல. தண்ணீர் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். சும்மா பூசி மறைத்த ஓட்டை அடுத்த மாதமே வாயைத் திறந்து, பூசியவனின் பெயரைச் சொல்லும்.

மேலே போய்த் தட்டினான். தலையை மூடிய ஒரு பெண் கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவனுடைய கொம்பனிச் சட்டையைக் கண்டதும் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டார்.

"கீழ்வீட்டு அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்," என்றார். நல்ல ஆங்கிலம். ஊரில் ஆசிரியையாக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. பெயர் ஹனான்.

"முதலில் குளியலறையைப் பார்ப்போம்."

குளியல் தொட்டியை ஒரு வெள்ளைத் துணி மூடியிருந்தது. சயந்தன் துணியின் ஒரு மூலையைத் தூக்கினான். விளிம்பு வரைக்கும் தண்ணீர். ஒரு கொட்டாவி விட்டால் வழிந்துவிடும் என்ற மட்டத்தில் நின்றது. தண்ணீர் கூடினால் வழிந்தோடுவதற்கென்று தொட்டியின் மேல்பக்கம் ஒரு துவாரம் இருக்கும். அதைக் காணவில்லை. குனிந்து தடவிப் பார்த்தான். ரப்பர் செருப்பு ஒன்றை வட்டமாக வெட்டி, ஓரம் சீவி, பசை வைத்து, துவாரத்தை அடைத்திருந்தது. இவ்வளவு சுத்தமான வேலையை அவனோடு வேலை செய்கிறவர்களே செய்ய மாட்டார்கள்.

"இதை அடைத்தது யார்?"

"நான்," என்றது ஒரு குரல். படுக்கையறை வாசலில் பெனியனோடு ஒரு மனிதர் நின்றார். நரைத்த மீசை, வேலை செய்து அகன்ற கை, தூக்கம் கலையாத கண். ஜமால். பஸ் டிப்போவில் இரவெல்லாம் பஸ் கழுவிவிட்டு வந்து படுத்தவர். அவருடைய ஆங்கிலம் சயந்தனுடையதை விட உடைந்தது. அதனால் இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாக விளங்கியது.

"தண்ணீர் நிரப்பத் தொட்டி செய்கிறார்கள். பிறகு அதன் மேலேயே ஓட்டை போட்டு வெளியே விடுகிறார்கள். செய்தவனுக்குப் புத்தி இல்லை."

"விளிம்பில் வழிந்து சுவருக்குள்ளே போகிறது. கீழ்வீட்டு அம்மாவின் சாமி நனைகிறது."

ஜமால் அப்போதுதான் அதைக் கேட்டவர் போல மனைவியைப் பார்த்தார். மனைவி அரபியில் இரண்டு வார்த்தை சொன்னார். பாஷை விளங்கத் தேவையில்லை. சொன்னேனா இல்லையா என்பதுதான் அது.

சயந்தன் அடைப்பைக் கழற்றினான். சளசளவென்று மேல்தண்ணீர் துவாரத்துக்குள் ஓடத் தொடங்கியதும் ஜமாலின் கை தன்னையறியாமல் முன்னே வந்து, பாதியில் நின்றது. குழந்தை கட்டிலில் இருந்து உருளும்போது நீள்கிற கை அது. சயந்தன் அதைப் பார்க்காதது போல ஓரத்துச் சிலிக்கனைச் சுரண்டினான்.

இவ்வளவுதான் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தொட்டியின் தண்ணீர்ப் பைப்பிலிருந்து ஒரு பச்சை ரப்பர்க் குழாய் கிளம்பி, நடை ஓரமாகப் போய், சின்ன அறையின் கதவுக்குள் நுழைந்திருந்தது. அந்தக் கதவடியில் தரை காலுக்குக் கொஞ்சம் பதிந்தது. ஹனான் போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அங்கே என்ன?"

"ஒன்றுமில்லை. பழைய சாமான்."

"தரை பலகைத் தரை, தங்கச்சி. நான் பார்க்காமல் போனாலும் அது பாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்."

அவர் மெல்ல விலகினார்.

அறையில் கட்டில் இல்லை, அலமாரி இல்லை. நடுவில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. நெஞ்சளவு உயரம். கண்ணாடிக்குச் செய்வது போல அதன் மூடியைத் துடைத்து வைத்திருந்தார்கள். சயந்தன் அருகில் போய், மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டு வந்தான். டங், டங். கொஞ்சம் கீழே போனதும் சத்தம் செத்தது. தொம்.

"முக்காலுக்கு மேலே," என்றான்.

ஜமால் அவனை இப்போதுதான் ஆளாகப் பார்த்தார். "நீ எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம். சிறிலங்கா."

"அங்கேயும் தண்ணீர் இல்லையா?"

"தண்ணீர் இருந்தது. ஊரில் நிற்க விடவில்லை." அவனுக்குப் பதினாறு வயதில் ஒரே இரவில் முழு ஊரும் கிளம்பிப் போய்ப் பள்ளிக்கூடங்களில் கிடந்தது. ஐந்நூறு குடும்பத்துக்கு ஒரு கிணறும் இரண்டு தகரத் தண்ணீர்ப் பரலும். தங்கள் முறை வரும்வரைக்கும் பரலில் மிச்சம் இருக்குமா என்று தட்டித் தட்டிப் பார்த்த விரல் இது. இவ்வளவையும் அவன் சொல்லவில்லை. முட்டியைத் தூக்கிக் காட்டினான். ஜமால் தலையாட்டினார்.

பிறகு ஜமால் தாங்கியில் கையை வைத்தபடி பேசினார். வார்த்தை முட்டிய இடங்களில் ஹனான் கைகொடுத்தார். ஹெப்ரோனுக்குத் தெற்கே மலைச்சரிவில் அவர்கள் ஊர். நிலத்துக்குக் கீழே தண்ணீர் உண்டு. ஊர் ஓரமாகப் பெரிய குழாயும் போகிறது. அது எதிர்க்குன்றில் வந்து குடியேறியவர்களின் சிவப்பு ஓட்டு வீடுகளுக்குப் போகிற குழாய். இவர்கள் பக்கம் கூரைக்குக் கூரை கறுப்புத் தாங்கிதான். ஜமால் பவுசர் என்கிற தண்ணி லொறி ஓடினவர். நிரப்புகிற இடம் ஊரிலிருந்து ஏழு கிலோமீற்றர். ஒருநாள் அந்தப் பாதைக்குக் குறுக்கே இராணுவம் மண்மேடு போட்டது. சுற்றிப் போனால் நாற்பது. நடுவில் ஒரு இரும்புக் கேற். அது திறந்தால் திறந்தது. தண்ணீர் அதே தண்ணீர்தான், பாதை நீண்டதால் அதன் விலை நீண்டது. ஆடு வைத்திருந்தவர்கள் ஆட்டுக்குத் தண்ணீர் வாங்க ஆட்டையே விற்றார்கள்.

"மழைத்தண்ணீருக்குத் தொட்டி வெட்டினேன்," என்றார் ஜமால். "பாறையில். நானும் அண்ணனும், நாலு மாதம். பெர்மிட் இல்லை என்று இயந்திரம் கொண்டு வந்து மூடினார்கள். பெர்மிட் கேட்டால் கொடுப்பதில்லை."

அவர் சொன்னதில் கண்ணீர் ஒன்றும் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். கிணறு வெட்டியின் மகன் சயந்தன். பாறையில் நாலு மாதம் என்றால் என்ன என்று அவனுடைய தோள்பட்டைக்குத் தெரியும். அப்பரின் உள்ளங்கை கடைசிவரை விரியவே இல்லை.

ஆனாலும் அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான்.

"முந்நூறு லீற்றர், முந்நூறு கிலோ. கீழே ஒரு மனிசி படுக்கிறா. நான் கண்டதை எழுதினால் உங்களை வெளியே எடுப்பார்கள். இன்றைக்கே இது இறங்க வேண்டும்."

ஹனான் சுவரில் சாய்ந்தார். இங்கே வருமுன் இரண்டு வருடம் ஹோட்டலில் ஒரே அறை. ஜன்னல் திறக்காத அறை. வருகிற மாதம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை வேலை தொடங்குகிறது, கடிதம்கூட வந்துவிட்டது. அவர் அதைச் சயந்தனுக்குச் சொல்லிவிட்டு, கணவரிடம் அரபியில் வேறு எதையோ நீளமாகச் சொன்னார். குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வெறுமையாக்கிய பிறகு தண்ணீர் நின்றால்?" என்று ஜமால் கேட்டார்.

"இங்கே நிற்காது."

"நீ வந்து எத்தனை வருடம்?"

"இருபத்துநாலு."

"ஒருநாளும் நிற்கவில்லையா?"

சயந்தனுக்கு வாய் வரை வந்த பொய்யை விழுங்க வேண்டியிருந்தது. "இரண்டு தரம் நின்றது. குழாய் வெடித்து."

"பார்த்தாயா?" ஜமால் வென்றவர் போல மனைவியைப் பார்த்தார். "சரி, உன் வீட்டில் நீ என்ன சேர்த்து வைத்திருக்கிறாய்?"

சயந்தன் குறட்டைத் துடைத்தான். அவனுடைய வீட்டுத் தோட்டக் கொட்டிலில் இரண்டு கான் மண்ணெண்ணெயும், ஒரு பெட்டி மெழுகுதிரியும், எந்த றேடியோவுக்கும் சேராத பற்றரிகளும் கிடக்கின்றன. மண்ணெண்ணெயும் பற்றரியும் சவர்க்காரமும் தடைசெய்யப்பட்ட ஊரில் வளர்ந்தவன். ஒவ்வொரு கோடையிலும் மனைவி அஜந்தா அதைத் தூக்கி எறியச் சொல்வாள். "இஞ்சாருங்கோ, சண்டை முடிஞ்சுது எண்டு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"மண்ணெண்ணெய்," என்றான்.

ஜமால் சிரித்தார். மீசைக்குக் கீழே இரண்டு பல் இல்லை. ஹனானும், அழுகைக்குப் போய்க்கொண்டிருந்தவர், வழியில் திரும்பிச் சிரித்தார்.

படியில் காலடி கேட்டது.

"என்ன தம்பி, மேலை தேத்தண்ணி விருந்தோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை." நகுலேஸ்வரி திறந்து கிடந்த கதவால் வந்துவிட்டார். சயந்தன் முன்னால் போய் நின்று மறைக்கப் பார்த்தான். நெஞ்சளவு தாங்கியை மெலிந்த மனிதன் மறைக்க ஏலாது.

நகுலேஸ்வரி பார்த்தார். நேராகப் போய் முட்டியால் தட்டினார். டங், டங், தொம்.

"முக்காலுக்கு மேலை கிடக்கு," என்றார் தனக்குள். பிறகு குரலை உயர்த்தினார். "விசரோ உந்த ஆளுக்கு? என்ரை தலைக்கு மேலையோ குளம் வெட்டினது? உவர் அங்கை என்ன வேலை செய்தவராம்?"

"பவுசர் ஓடினவர் அக்கா. தண்ணிப் பவுசர்."

"பவுசர்காரனோ!"

நகுலேஸ்வரியின் ஊர் காரைநகர். அந்தத் தீவில் கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில்தான் வரவேண்டும். விடிய முன்னம் குடங்களை வரிசையில் வைத்து, இடம் போகாமல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆளாளுக்கு அடையாளக் கல்லுப் போட்டுவிட்டு, றோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "மாப்பிள்ளை வந்தாலும் அப்பிடிப் பாக்கமாட்டம் தம்பி. பவுசர்காரன் இருமினால் ஊருக்கே தடிமன் பிடிச்ச மாதிரிக் கவலைப்படுவம்." சொல்லிவிட்டு ஜமாலை மேலும் கீழும் பார்த்தார். "இவருக்குச் சொல்லும், என்ரை பிள்ளையாரை நனைச்சது நனைச்சதுதான். அதை நான் மறக்கமாட்டன். ஆனால் ஒரு சொட்டும் சிங்குக்குள்ளை ஊத்தப்படாது. என்ரை பயித்தங்கொடி தண்ணியில்லாமல் சாகுது. தண்ணியும் கீழை வரட்டும், உந்தத் தாங்கியும் கீழை வரட்டும். என்ரை வளவுக்கை வைப்பம்."

சயந்தனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பின்சுவரில் கூரைத் தண்ணீர் இறங்குகிற பீலிக்குழாய். அதை இடுப்பளவில் வெட்டி, ஒரு வளைவு போட்டுத் தாங்கிக்குள் விட்டால் முடிந்தது. இந்த ஊரில் தோட்டம் வைத்திருக்கிற வெள்ளைக்காரரில் பாதிப் பேர் மழைப் பீப்பா வைத்திருக்கிறார்கள். எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஹனான் மொழிபெயர்த்தார். ஜமால் நம்பவில்லை.

"வெளியிலா? வெளியில் வைத்தால் சுட்டு ஓட்டையாக்குவார்கள்."

இதைச் சயந்தன் தமிழில் சொன்னதும் நகுலேஸ்வரி இடுப்பில் கையை ஊன்றினார். "என்ரை வளவுக்கை வந்து ஆர் சுடுறது? கவுன்சில்காரனே பயந்து பயந்துதான் வாறவன்."

"பெர்மிட்?" என்றார் ஜமால். "யாரிடம் கேட்க வேண்டும்?"

"மழைக்கோ?" சயந்தன் யோசித்துப் பார்த்தான். ஒருவருடைய பெயரும் வரவில்லை. "ஒருத்தரிடமும் இல்லை. இந்த அக்காவிடம்தான். அவர் சம்மதித்துவிட்டார்."

ஜமால் கொஞ்ச நேரம் தாங்கியின் மூடியைத் தடவிக்கொண்டே நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. நகுலேஸ்வரிகூட. பிறகு அவர் குனிந்து பச்சைக் குழாயைக் கழற்றி, ஒரு முனையைத் தாங்கிக்குள் விட்டு, மற்ற முனையை ஜன்னலால் கீழே எறிந்தார். ஹனான் மேலே நின்று பிடித்துக்கொள்ள, மற்ற மூவரும் கீழே ஓடினார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டிய வேலை. சயந்தன் கையை நீட்டினான். ஜமால் கொடுக்கவில்லை. ஒரே இழுப்பில் கன்னம் குழிந்தது, ஒரு மிடறு விழுங்கினார், தண்ணீர் வந்தது.

அந்த ஓகஸ்ட் புல்லெல்லாம் வைக்கோலாய்க் காய்ந்து கிடந்தது. நகுலேஸ்வரியின் வளவில் மண் வெடித்திருந்தது. ஜமால் குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்து, திறந்து, பயித்தங்கொடி ஒவ்வொன்றின் அடியிலும் கணக்காக விட்டார். வெடிப்புக்குள் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. சீமெந்துக் கரையில் ஒரு சொட்டு விழவில்லை. பூசணி, தக்காளி, சட்டியில் நின்ற கறிவேப்பிலை. நகுலேஸ்வரி பின்னாலேயே போனார்.

"அங்கை போதும். இஞ்சை விடச் சொல்லும். உந்தக் கண்டுக்கு எப்பன், ஒரு சொட்டுக் காணும்... பாரும், கை பழகின கை. என்ரை மனிசன் இருந்த காலத்திலை இப்பிடி ஒருநாள் தண்ணி விட்டதில்லை. நியூஸ் பாக்கத்தான் தெரியும்."

வேலிக்கு அப்பால் தெருவோரம் கவுன்சில் நட்ட மூன்று கன்றுகள் வாடி நின்றன. வளவு நிறைந்ததும் மிச்சம் அவற்றுக்குப் போனது. மேலே குளியல் தொட்டியில் இருந்ததையும் வாளி வாளியாக ஹனான் இறக்கினார்.

வெறும் தாங்கியைச் சயந்தனும் ஜமாலும் படியால் இறக்கிப் பின்சுவரில் நாலு கல்லுக்கு மேல் நிறுத்தினார்கள். பீலிக்குழாயை வெட்டி வளைவு பூட்ட அரை மணித்தியாலம். ஜமால் ஒவ்வொரு பூட்டையும் தானும் ஒருதரம் திருகிப் பார்த்தார். சயந்தனுக்குக் கோபம் வரவில்லை. அவனும் அப்படித்தான் செய்திருப்பான்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க மனேஜர் போன் எடுத்தான்.

"காரணம் என்ன?"

"தொட்டியின் மேல்துவாரம் அடைபட்டிருந்தது. எடுத்துவிட்டேன். ஓரமும் புதிதாகப் பூசியாகிவிட்டது. இனி ஒழுகாது."

"எது அடைத்தது?"

"ஒரு செருப்புத் துண்டு."

மறுமுனையில் சிரிப்பு. "அதற்குள் என்னவெல்லாமோ போய் அடைக்கும். கீழ்வீட்டு அம்மா?"

"கையெழுத்துப் போட்டுவிட்டா."

போர்மில் கடைசிப் பெட்டி மிஞ்சியிருந்தது. குடியிருப்பவரின் அலட்சியத்தால் சேதமா? சயந்தன் வானுக்குள் இருந்தபடி பார்த்தான். வேலிக்கு உள்ளே ஜமால் குந்தியிருந்து, தாங்கியின் அடிக்குழாயில் தொங்கிய கடைசித் துளியை விரலில் வாங்கித் தக்காளிக் கன்றில் வைத்துக்கொண்டிருந்தார். சயந்தன் 'இல்லை' என்ற இடத்தில் அழுத்திச் சரி போட்டான். பேனை தாளை ஓட்டையாக்கிவிட்டது.

போகும்போது ஜமால் வானின் கண்ணாடியைத் தட்டினார். "வீட்டுக்குள் ஒன்றுமே வைக்கக் கூடாதா?"

"சிங்குக்குக் கீழே இரண்டு கான் வையுங்கள். பத்து லீற்றர். அதை ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்."

"இரண்டு," என்று ஜமால் விரலால் காட்டினார். பேரம் முடிந்தது போல.

மூன்று கிழமையாக மழை வரவில்லை. நாலாம் கிழமை, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூரையில் கல்லெறிந்தது போல வந்தது. சயந்தன் வீட்டில் சோற்றில் கை வைத்திருந்தான். போன் அடித்தது. நகுலேஸ்வரி.

"தம்பி, இந்த மனிசன் குடையுமில்லாமல் என்ரை வளவுக்கை நிக்குது. கூப்பிட்டாலும் வருகுதில்லை. சீலிங்குக்குப் பெயின்ற் அடிக்க வந்தது, தூரிகையை அப்பிடியே போட்டிட்டு ஓடிட்டுது. பள்ளிக்கூடத்தாலை கிழமை முழுக்கக் களைச்ச அந்தப் பிள்ளையும் சேந்து நனையுது. உம்மோடை கதைக்கோணுமாம். இந்தாரும்."

போனில் மழைச் சத்தம் மட்டும். ஜமால் வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. போனைத் தாங்கியோடு ஒட்டிப் பிடித்திருக்க வேண்டும். டங். டங். டங். டங்.

தொம்.

"பாதி," என்றான் சயந்தன்.

அஜந்தா கோப்பைக்கு மேலால் அவனைப் பார்த்தாள். "என்ன பாதி? ஏன் கண்ணெல்லாம் கலங்குது உங்களுக்கு?"

"மிளகாய்," என்று அவன் சொன்னான். அவளும் விட்டுவிட்டாள். அன்றைக்குக் குழம்பில் மிளகாய் குறைவு.